பாதிக் கூரையின் கீழ் ஒரு கல்யாணம்

கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாசனை... புளிப்பும் இனிப்புமாக மூக்கில் ஏறும். சுண்ணாம்பில் சேர்த்து அரைப்பதற்காக, கன்னிவாடிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் டிரம் டிரம்மாக ஊற வைத்திருந்தார்கள். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை.

அந்த வாசனையோடுதான் எனக்குக் கல்யாணம் நடந்தது.

எங்களுடையது வேதக் கோயில், வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் காலத்தில் கட்டியது. கனத்த சுவர், தேக்கு உத்திரம், மேலே சீமை ஓடு. கல்யாணத்துக்கு முந்தின ஐப்பசி அடைமழையில், ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வெளியேறிய கொஞ்ச நேரத்தில், பீடத்துக்கு முன்னால் கூரை சரிந்து விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் பங்குச் சாமி கோயிலைப் பூட்டிவிட்டார். பூசை வேப்பமரத்தடிக்கு வந்தது.

டவுனிலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்தார்.

"சுவருக்கு ஒண்ணும் இல்ல சாமி, மேல்பூச்சு புதுசாப் போட்டாப் போதும். மரந்தான் உளுத்துப் போச்சு. மேல பிரிச்சு மாத்தலாம், ஆனா ஆள் பலம் நெறைய வேணும். இல்லாட்டி இடிச்சிட்டு கான்கிரீட்ல போயிரலாம்."

ஊர்க்கூட்டத்தில் பாதிக்கு மேல் கான்கிரீட் பக்கம். பக்கத்து ஊர்க் கோயிலில் டைல்ஸ் போட்டு பளபளவென்று வைத்திருந்தார்கள், அதைப் பார்த்த ஆசை. திண்டுக்கல்லில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கும் புதுக் கோயில்தான் பிடித்திருந்தது.

கூட்டம் என்றால் வாயே திறக்காத எங்கம்மா அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"ஈஸ்டர் முடிஞ்சு எம்மக கல்யாணம் இந்தக் கோயில்லதான் சாமி. இடிச்சிட்டா நான் எங்க போயி நிக்க? நாளைக்கு மம்பட்டியோட வாரேன். வர்றவுக வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி டவுன் கோயிலில் என்றுதான் பேசி முடித்திருந்தார்கள்!

வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கப்பா அந்தக் கோயிலுக்குப் பின்னாடிதான் படுத்திருக்காரு. அவர இங்க விட்டுட்டு, டவுனுல போயி எப்படிடி ஒனக்குத் தாலி கட்டிப் பாக்க?"

அப்பா போனபோது நான் சின்னப் பிள்ளை.

விஷயம் தெரிந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். திண்டுக்கல்லில் பூட்டு வியாபாரம். கறாரான ஆள்.

"கூரையில்லாத கோயில்லயா எம்மகனுக்குக் கல்யாணம்? நாலு சொந்தக்காரவுக என்ன பேசுவாக? யோசிச்சுச் சொல்லுங்க தங்கச்சி. இல்லாட்டி..."

அந்த 'இல்லாட்டி'யை முடிக்காமலே போய்விட்டார். கொடுத்த காப்பி அப்படியே இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூட ஆபீஸுக்கு போன் வந்தது. மாப்பிள்ளை அருள். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அம்மாவ மாத்தப் பாக்காத" என்றார், அவ்வளவுதான்.

வேலை தொடங்கியது. முதலில் அம்மாவும் ஒரு சில பெண்களும்தான். பிறகு பழனிச்சாமி அண்ணன் தன் மாடுகளை ஓட்டி வந்து சுண்ணாம்பு அரைக்கும் செக்கில் கட்டினார். தக்காளி போடும் சம்சாரி அவர், சொந்தமாக லாரியும் உண்டு.

"ஒனக்கு எதுக்குப்பா எங்க கோயில் வேல?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்காத்தா இந்தக் கோயில்ல நேந்துக்கிட்டுத்தானய்யா என்னயப் பெத்துச்சு. ஒங்க கோயில் மட்டுமா இது?"

கான்கிரீட் கேட்டவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். சனி, ஞாயிறுகளில் நானும் சுண்ணாம்பு சலித்தேன். புது மரம் ஏறியது, பழைய ஓடுகளைக் கழுவி அடுக்கினோம். ஆனால் கல்யாண நாளுக்குள் முடியவில்லை. பீடத்தின் பக்கம் மட்டும் ஓடு ஏறியிருந்தது. மீதிக்கு வானம்தான். அருள் என்ன பேசினாரோ, அவர் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்றாலும், சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார்.

பூசை நடுவில் மலைப்பக்கம் கருத்தது. கோடை மழை... திறந்த பக்கத்தில் சடசடவென்று இறங்கியது. ஜனங்கள் எழுந்து ஓடினார்கள். முந்தின நாள் பூசிய சுவர் இன்னும் காயவில்லை. பால் மாதிரி சுண்ணாம்பு வழியத் தொடங்கியது.

அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பழனிச்சாமி அண்ணன் லாரித் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். உத்திரத்தின் மேல் வீசி ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். ஒரு முனை காற்றில் அடித்துக்கொண்டு கைக்குச் சிக்காமல் பறந்தது. அதை எட்டிப் பிடித்தது யார் தெரியுமா? என் மாமனார்! பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தபடி, தன் சொந்தக்காரர்களைப் பார்த்துக் கத்தினார்.

"என்னங்கடா வேடிக்கை? பிடிங்கடா! நம்ம கோயில் சுவரு கரையுது!"

நம்ம கோயில்.

தார்ப்பாயில் விழுந்த மழைச் சத்தத்தில், "சம்மதமான்னு கேட்டேன்மா. சத்தமாச் சொல்லு!" என்றார் சாமி. "சம்மதம்!" என்று கத்தினேன். கயிறு பிடித்தவர்கள் உட்பட கோயிலே சிரித்தது. அருள் தாலி கட்டியபோது மாமனார் கயிற்றை விடாமல், கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நனைந்த சேலையோடு அம்மாவும் நாங்களும் கோயிலுக்குப் பின்னால் போய் அப்பா கல்லறையில் மாலை போட்டோம். வைகாசி கடைசிக்குள் மீதிக் கூரையும் ஏறிவிட்டது. மாமனார் கடையைப் பூட்டிவிட்டு அடிக்கடி வந்து நின்றார்.

மாமனார் இப்போது இல்லை. அம்மா எங்களோடு திண்டுக்கல்லில் இருக்கிறாள். ஊரில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. திருப்பூர், கோயம்புத்தூர் என்று போனவர்கள் திருவிழாவுக்கு வந்துவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடுகிறார்கள்.

போன திருவிழாவுக்கு முன்னால் கோயிலுக்கு மராமத்து செய்தார்கள். கான்ட்ராக்ட் விட்டு, சுத்தமாக, சொன்ன தேதிக்கு முடித்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவுக்கு நடக்க முடியவில்லை என்பதால் போட்டோ எடுத்து வந்து காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காக. யாரு யாரு வேல பாத்தா?"

"வெளியூர் ஆளுங்கம்மா."

"பேரு கேட்டியா?"

கேட்கவில்லை.