துரையோடு கதைத்தவர்

1937 மார்ச் 8, திங்கட்கிழமை. காலையில் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன், கோப்பி குடித்தேன், குடையை எடுத்துக்கொண்டு பினாங்கு டவுனுக்கு டிராலி பஸ் ஏறினேன். ஆபீஸில் முதலில் என் மைக்கூட்டைப் பார்த்தேன். மாலையில் மூடியை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவது என் வழக்கம். யாராவது தொட்டால் தெரிந்துவிடும். யாரும் தொட்டிருக்கவில்லை. பிறகு கப்பல் சரக்குச் சீட்டுகள், மத்தியானச் சோறு, மறுபடியும் சீட்டுகள். வேலை முடிந்ததும் மாடியில் டைப் வகுப்பு.

அந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் துரை புதிதாக வந்திருக்கும் இளைஞர். கிடங்கில் சரக்கைச் சரிபார்க்கும் ஆட்களுக்கு டைப் அடிக்கக் கற்றுக்கொடுங்கள், நன்றாக அடிக்கிற ஒருவரை மேலே ஆபீஸுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று போன மாதம் என்னிடம் சொன்னார். தலைமைக் கிளார்க் என்ற முறையில் எனக்கு உடனே தோன்றிய கேள்வி, அப்படி எடுக்கிற ஆளை எந்த நாற்காலியில் உட்காரவைக்கப் போகிறார்கள் என்பதுதான். ஆபீஸில் காலி நாற்காலி கிடையாது. கணக்குப் பிரிவுப் பெரியவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு வகுப்பு எடுக்கும் உற்சாகம் வந்தது.

வகுப்பில் நான்கு பேர். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், யாழ்ப்பாணத்து நடராசா, என் மனைவியின் தம்பி முத்து. முதல் இரண்டு பேருக்கும் கிடங்கே பிடித்திருக்கிறது. கற்றுக்கொண்டால் எதற்காவது உதவும் என்று வருகிறார்கள். ஆக, நாற்காலிக்கு நடராசாவும் முத்துவும்தான். புதன்கிழமை சோதனை. 'யாரைப் பற்றியாவது என்னிடம் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்' என்று துரை சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை வகுப்பு கலைந்த பிறகும் நடராசா போகவில்லை. நான் புது ரிப்பன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். அவர் மேசை ஓரத்தில் வந்து நின்று, "அண்ணை, உங்களோட கொஞ்சம் கதைக்கலாமோ?" என்றார்.

என் கை டப்பாவிலேயே நின்றுவிட்டது. ரிப்பன் மை வாசனையோடு, எங்கிருந்தோ ஜாதிக்காய் வாசனையும் வந்தது. நம் மூக்கு நம்மைக் கேட்டுக்கொண்டா வேலை செய்கிறது.

1914-இல் தொடங்கிய பெரிய சண்டைக்கு முந்தின வருஷங்கள் அவை. பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு ஜாதிக்காய்க் கடையின் மாடியில் கந்தையா மாஸ்டர் டைப் வகுப்பு நடத்தினார். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பகலில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் பெரிய கிளார்க். எனக்கு அப்போது மீசை முளைத்து முடியாத வயது. என் அப்பா அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தார். நான் டவுனில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சம் இங்கிலீஷை வைத்துக்கொண்டு வேலை தேடினேன்.

அந்த மாடியில் யாரும் யாரையும் நம்பவில்லை. கீழே கடை வைத்திருந்த ராவுத்தர், நாங்கள் மேலே கள்ள நோட்டு அடிக்கிறோம் என்று முதலில் நினைத்தாராம். ஒவ்வொரு வரி முடியும்போதும் மிஷினில் மணி அடிக்கும் அல்லவா, ஒவ்வொரு மணிக்கும் ஒரு நோட்டு விழுகிறது என்பது அவர் முடிவு. சரிபார்த்து வரட்டும் என்று மகன் சுல்தானை மேலே அனுப்பினார். வேவு பார்க்க வந்த சுல்தான் வகுப்பிலேயே சேர்ந்துவிட்டான். அவன் உண்மையிலேயே படிக்க வந்தானா, இன்னும் வேவுதான் பார்க்கிறானா என்று எனக்குக் கடைசிவரை ஒரு சந்தேகம்.

எழுத்துகளைப் பார்க்காமல் அடிக்கப் பழக வேண்டும் என்பதற்காக மாஸ்டர் ஒரு கறுப்புத் துணியின் ஒரு முனையை எங்கள் கழுத்தில் கட்டி, மறுமுனையை மிஷினின் மேல் போட்டுவிடுவார். கைகள் துணிக்குள் இருக்கும். முதல் நாள் வந்த சீனப் பையன் துணியைக் கட்டியதும் கண்ணாடியைத் தேடினான். முடி வெட்டும் இடம் என்று நினைத்துவிட்டான். என் சந்தேகம் வேறு. எல்லோரும் பார்த்து அடிக்கிறதை எங்களை மட்டும் மூடிவைத்துக் கற்றுக்கொடுக்கிறாரே, சீக்கிரம் கற்றுக்கொண்டால் தமக்குப் போட்டியாக வந்துவிடுவோம் என்று பயப்படுகிறாரோ? இன்று அந்தத் துணியின் அருமை தெரிகிறது. கண்ணைக் காகிதத்தின் மேல் வைத்தே முழுக் கடிதத்தையும் அடித்துவிடுகிறேன். அன்று தெரியவில்லை.

மாஸ்டர் பாடத்தை இங்கிலீஷில்தான் நடத்துவார். மனசு சூடானால் மட்டும் தமிழ். அந்தத் தமிழ் எங்களுக்குப் பாதி புரியும். என்னைப் போன்ற பொடியனை 'நீர்', 'உம்மை' என்பார். எங்கள் பக்கத்தில் ஒருவனைக் கிண்டல் செய்வதற்குத்தான் 'நீர்' போடுவார்கள். அவர் 'நீர் கெட்டிக்காரன்' என்றால்கூட எனக்குக் காது சிவந்துவிடும்.

ஒருநாள் சுல்தான் ஒரு கடிதம் முழுக்கத் தப்பாக அடித்துவைத்தான். மாஸ்டர் அதைத் தூக்கிப் பிடித்து, "இப்பிடி அடிச்சா துரை பேசுவார்" என்றார்.

"பேசினா நல்லதுதானே, சார்? பேசாத துரைகிட்ட எப்படிலா வேலை பாக்குறது?" என்றான் சுல்தான்.

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மாஸ்டர் முகம் கறுத்து, காகிதத்தைக் கீழே வைத்து, "பகிடியோ?" என்று கேட்டார். பகிடி என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை. இல்லை சார் என்றும் சொல்லாமல், ஆமாம் சார் என்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

இப்படி இருக்கும்போது மாஸ்டரின் ஆபீஸில் ஓர் இடம் காலியானது. சோதனை வைத்து ஆள் எடுப்பார்கள் என்றார்கள். வகுப்பில் கொஞ்சம் வேகமாக அடிப்பவன் நான்தான். அது கிடைத்தால் டவுனிலேயே தங்கிவிடலாம். கிடைக்காவிட்டால் தோட்டத்துக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

சோதனைக்கு முந்தின நாள். வகுப்பு முடிந்து படியிறங்கப் போனவனை மாஸ்டர் கூப்பிட்டார். தமிழில் பேசினார்.

"துரையோட உம்மைப் பற்றிக் கதைச்சிருக்கிறன். இனி உம்மட பாடு."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் தோட்டத்தில் கிளார்க்கைக் கிராணி என்போம். கிராணி ஒருவனைப் பற்றித் துரையிடம் வாயைத் திறந்தால், மறுநாள் காலையில் பேர் கூப்பிடும்போது அந்தப் பேர் வராது. அப்படித்தான் நான் பார்த்து வளர்ந்தேன். கதை கட்டுவது, கதை விடுவது, கதை அளப்பது என்றால் என்னவென்றும் எனக்குத் தெரியும். இவரோ கதைத்துவிட்டேன் என்று என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். போதாததற்கு, இனி உன் பாடு என்கிறார்.

கீழே சுல்தான் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். சொன்னேன்.

"கதைச்சிட்டேன்னு அவரே சொன்னாரா?"

"அவரேதான்."

"என்ன துணிச்சல் பாருலா. இல்லாததும் பொல்லாததும் சொல்லிட்டு, உன்கிட்டயே வந்து சொல்றாரு. நாளைக்குப் போனீன்னா துரை முன்னால நிக்கவச்சு அசிங்கப்படுத்தப் போறாங்க."

"எதுக்கு அவரு அப்படிச் செய்யணும்?"

"அவரு பொஞ்சாதியோட தம்பி ஒருத்தன் போன மாசம் கப்பல்ல வந்து எறங்கியிருக்கான். எங்க கடைக்குத்தான் வந்து சாமான் வாங்குறான். டைப் அடிப்பானாம். இப்பப் புரியுதா?"

புரிந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. நான் சோதனைக்குப் போகவில்லை. அந்த இடம் மாஸ்டரின் மச்சானுக்குக் கிடைத்தது. அடுத்த வாரம் வகுப்புக்குப் போனபோது மாஸ்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஏன் வரேல்லை?" என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு என் கழுத்தில் துணியைக் கட்டினார். முடிச்சு கொஞ்சம் இறுக்கமாக இருந்ததாக ஞாபகம். அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

பிறகு, அப்பாவிடம் கேட்டு வாங்கிய தவணை முடிவதற்குள், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் அரிசிக் கிடங்கில் எனக்கு வேலை கிடைத்தது. மாஸ்டர் கற்றுக்கொடுத்த டைப்தான் அங்கே சோறு போட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கிடங்குக்குத் துறைமுகத்திலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் அடிக்கடி வருவார். வாசலில் நின்று, "தம்பி, உம்மோட கொஞ்சம் கதைக்க வந்தனான்" என்பார். பொய் சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஆரம்பிக்கிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் சொல்லும் மூட்டைக் கணக்கையெல்லாம் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். எப்போதும் சரியாகவே இருக்கும். அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

ஒருமுறை அவரை வெகு நாட்களாகக் காணவில்லை. திரும்பி வந்தபோது தலை மழித்திருந்தது. ஊருக்குப் போயிருந்தேன், அப்பா தவறிவிட்டார் என்றார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "கப்பல் பிந்திப் போச்சு, தம்பி. அப்பாவோட கடைசியா ஒருக்காக் கதைக்கக் கிடைக்கேல்லை" என்றார்.

சாகக் கிடக்கும் தகப்பனிடம் போய் யாராவது கதை கட்ட முடியாமல் போனதற்கு வருந்துவார்களா? அந்த ஸ்டூலின் பக்கத்தில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கியது. கதைப்பது என்றால் பேசுவது. அப்படியானால் பேசுவது என்றால் அவர்களுக்குத் திட்டுவது, பகிடி என்றால் கேலி. சுல்தானுக்குத் துரை பேசாமலிருப்பதே நல்லது. 'உம்மைப் பற்றிக் கதைச்சிருக்கிறன்' என்றால், உனக்காக ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன், இனி நன்றாக அடிப்பது உன் பொறுப்பு. 'நீர்' என்பதும் கிண்டல் இல்லை. அது அவர்கள் வீட்டில் இளையவர்களைக் கூப்பிடும் விதம்.

இதோடு என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அந்த வார்த்தையின் அர்த்தம் மாஸ்டரைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது, சரி. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அவர் மச்சான்தானே? எனக்காகக் கதைத்தவர் மச்சானுக்காகவும் கதைத்திருப்பாரா? நான் போயிருந்தால் எனக்குக் கிடைத்திருக்குமா? அல்லது இரண்டு பேரில் யார் வந்தாலும் சரி என்று இருந்தாரா? போகாத சோதனையின் முடிவை எங்கே போய்க் கேட்பது? மாஸ்டரிடம் கேட்கலாம் என்று நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனபோது, அவர் ஓய்வு பெற்று ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டிருந்தார்.

இப்போது நடராசாவுக்கு வருவோம். கதைக்கலாமோ என்று கேட்டவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"சொல்லும்" என்றேன். எனக்கே தெரியாமல் மாஸ்டரின் 'நீர்' வந்துவிட்டது.

"குறை நினைக்க வேண்டாம், அண்ணை. உங்கட மச்சினன் வகுப்பில இருக்கேக்க, நான் புதன்கிழமை சோதனைக்கு வரத்தான் வேணுமோ? சும்மா வந்து வெக்கப்படுறதை விட..."

எனக்குத் தெரியும் மீதி. என்னை ஆழம் பார்க்கிறாரா, கிடங்கில் யாராவது தூண்டிவிட்டார்களா என்று முதலில் நினைத்தேன். பிறகு அவர் கையைப் பார்த்தேன். விரல்கள் மேசை விளிம்பில் தாமாகவே எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தன. தட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. முத்துவின் விரல்கள் மிஷினின் மேல்கூட இப்படி ஓடுவதில்லை. அவன் இன்னும் துணியைத் தூக்கிப் பார்க்கிறான்.

"வாரும்" என்றேன். "காய்ச்சல் எண்டாலும் வாரும்."

அவருக்குப் புரிந்திருக்காது. சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டில் அன்றைக்கு வறுத்த மீன் என் தட்டில் வழக்கத்தைவிடப் பெரிய துண்டாக விழுந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் குழம்பைப் பார்த்தாள்.

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்லைங்க. தம்பி நல்லா அடிக்கிறானாமே?"

"யாரு சொன்னா?"

"அவன்தான்."

மீன் ருசியாகத்தான் இருந்தது. சந்தேகத்தோடு சாப்பிட்டாலும் ருசி தெரிகிறது.

போன மாதம் பினாங்கு ஸ்ட்ரீட் வழியாக நடந்துபோனேன். ராவுத்தரின் கடை இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் விற்கிறார்கள். மாடி ஜன்னலில் பலகை அடித்திருக்கிறது. சுல்தான் கல்யாணத்துக்கென்று கடையநல்லூர் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். மாஸ்டர் ஊரில் காலமாகிவிட்டார் என்று யாரோ சொல்லிக் கேள்வி. அவர் மச்சானும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். அந்தக் கறுப்புத் துணியும், ஜாதிக்காய் மூட்டையும், வரிக்கு வரி அடித்த மணியும், ஏன் வரேல்லை என்று கேட்ட முகமும் போன பிறகு, அந்த நாற்காலி யாருக்காக இருந்தது என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் இந்தத் தீவில் மிச்சமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸுக்குப் போனதும் மைக்கூட்டைக்கூடப் பார்க்கவில்லை. குடையை மூலையில் சாத்திவிட்டு, துரையின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போய், நடராசாவைப் பற்றி அவரோடு கதைத்தேன்.