நாற்பத்தொன்றாவது எண்

போன வெள்ளிக்கிழமை காலை போர்ட் பிளேர் ஷாதிபூரிலிருந்து தொலைபேசி. காதர் பாயின் மகன் பேசினான். "அங்கிள், வாப்பா மௌத்தாயிட்டாங்க. ஃபஜர் தொழுதுட்டுப் படுத்தாங்க, அவ்வளவுதான். பழைய வயர்லெஸ் ஆளுங்களுக்கு நீங்கதான் சொல்லணும்." அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் போர்ட் பிளேரில் வயர்லெஸ் ஆபரேட்டர், நான் கார் நிக்கோபார் தீவில். இரண்டு வருடம் முகம் பார்க்காமலே பழகினோம். ஆங்கில எழுத்துகளில், மோர்ஸ் குறிகளாகத் தமிழைத் தட்டுவோம். அவர் தட்டும் தமிழில் பாதி இந்தி.

எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்துப் படிவத்தில் நாற்பது வரிகள். மருந்துப் பெயர்களையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். அதனால் அளவுகளை மட்டும் வரிசையாக அனுப்புவேன். வேண்டாத மருந்துக்குப் பூஜ்யம். அந்த முனையில் அவர் அதே படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணையும் அதன் வரியில் உட்கார வைப்பார்.

முதல் எண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "பெஹ்லே ஃபாரம் நம்பர் சொல்லு, தம்பி." பெஹ்லே என்றால் முதலில். படிவத்தின் கீழ்மூலையில் எத்தனையாவது அச்சு என்று போட்டிருக்கும். இருவரும் ஒரே தாளைத்தான் பார்க்கிறோமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கேள்வி. "சாப்பிட்டியான்னு கேக்குற மாதிரி தினம் கேக்குறீங்களே பாய்" என்று கிண்டல் செய்தேன். "அதையும் கேப்பேன். பெஹ்லே நம்பர்" என்றார்.

என் அறைத்தோழன் அப்பாராவ் ஜெனரேட்டர் மெக்கானிக். காலில் துருப்பிடித்த இரும்பு குத்தியதைச் சட்டை செய்யாமல் விட்டான். ஒரு வாரத்தில் தாடை இறுகிப்போனது. கையிருப்பில் டெட்டனஸ் சீரம் இல்லை. போர்ட் பிளேரிலிருந்து கப்பல் அன்று மாலை கிளம்புகிறது. அதை விட்டால் பதினைந்து நாள். ஜெனரேட்டரைப் பார்க்க வேண்டியவனே படுத்துவிட்டதால் வயர்லெஸ் பாட்டரியும் தீரும் நிலை.

காதர் பாய் படிவ எண் கேட்டார். எனக்கு எரிச்சல். தாளைப் பார்க்காமலே வழக்கம்போல் "மூணு" என்று தட்டினேன். அளவுகளைப் படபடவென்று அனுப்பி முடித்தேன். பதில் வந்தது: "தம்பி, என்கிட்ட நாப்பது வரிதான். நீ அனுப்புனது நாப்பத்தொண்ணு. ஒண்ணு நிக்குது. அது எங்க உக்காரணும்?"

கீழ்மூலையைப் பார்த்தேன். நான்கு. பழைய கட்டு தீர்ந்து, கம்பவுண்டர் புதிதாக வந்த கட்டிலிருந்து தாள் கிழித்திருக்கிறார். அதில் நடுவே ஒரு வரி கூடியிருந்தது. அதற்குக் கீழே எல்லாமே ஒரு வரி தள்ளிப்போயிருக்கும். அவருடைய தாளில் சீரத்துக்கு நேரே பூஜ்யம், சீரத்துக்கான பத்து கட்டுத்துணிக்கு நேரே. "நாலு" என்று மட்டும் தட்டினேன். பாட்டரி செத்தது.

அன்று நான் சாப்பிடவில்லை. அப்பாராவைப் போய்ப் பார்க்கவும் தைரியமில்லை.

மறுநாள் கப்பல் வெளியே நங்கூரமிட்டு, படகில் சாமான்கள் வந்தன. மருந்துப் பெட்டியில் பத்து சீரம் குப்பிகள். அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு காதர் பாய் சைக்கிளில் ஆஸ்பத்திரி ஸ்டோருக்குப் போய், நான்காம் அச்சுப் படிவம் ஒன்றை வாங்கி, அங்கேயே நின்றபடி எல்லா எண்களையும் மறுபடி நிரப்பி, பெட்டியைத் தன் கையாலேயே கப்பலில் ஏற்றியிருந்தார். என் எண்களை அவர் முதலில் குறித்த தாளும் பெட்டிக்குள் இருந்தது. அதன் பின்புறத்தில் எழுதியிருந்தார்: "எண்ணிப் பாத்துக்கோ."

அப்பாராவ் பிழைத்தான். மேலதிகாரியிடம் காதர் பாய் என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு போர்ட் பிளேரின் லம்பா லைனில் முதன்முதலாக நேரில் சந்தித்தபோது மட்டும் சொன்னார்: "தப்பு உன்னோடதுதான். ஆனா எண்ணுறது ரெண்டு பேரோட வேலை."

என் மகள் சென்னையில் கணினி நிரல் எழுதுகிறாள். ஒரு நிரலில் உள்ள பொருளை, அதாவது ஒரு தகவல் கட்டைப் பிரித்து, எண்களின் வரிசையாக்கி, சாக்கெட் என்ற இணைப்பின் வழியே சர்வருக்கு அனுப்புவார்களாம். அங்கே அதை மறுபடி பொருளாகக் கோப்பார்களாம். இரு பக்கமும் ஒரே பதிப்பா என்று முதலில் பார்க்காவிட்டால் எல்லாம் இடம் மாறிவிடுமாம். இந்தக் கதையைச் சொன்னேன். "உங்க காதர் பாய் எங்க ஆபீஸ்ல இருந்திருந்தா போன வாரம் எங்க சர்வர் படுத்திருக்காதுப்பா" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவருடைய மறுமுனையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

பெட்டிக்குள் வந்த அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தொலைபேசியை வைத்ததும் அதை எடுத்து, முதல் எண்ணிலிருந்து விரல் வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்று, பாய். எல்லாம் வந்து சேர்ந்தது.