சரோஜா அக்காவுக்குப் போர்த்திய வெள்ளை

சரோஜா அக்கா இறந்துவிட்ட செய்தி எங்கள் கம்பெனி வாட்ஸப் குழுவில் காலை பத்து மணிக்கு வந்தது. அதற்குக் கீழே மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். வருத்தத்தைத் தெரிவிக்கும் அவசரத்தில் விரல் தவறியிருக்கலாம். இருபது ஆண்டுகள் அந்த பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பகுதியை நடத்தியவருக்குக் கிடைத்த முதல் அஞ்சலி அதுதான்.

கம்பெனி இருக்கும் வீரபாண்டியில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவர் குரல் மறந்திருக்காது. "லேபிளப் பாத்துப் பாஸ் பண்ணாதீங்க. திருப்பிப் போட்டுப் பாருங்க. தையலு உள்ளதான் தெரியும்." ஏற்றுமதி ஆவணங்கள் எழுதும் என் மேசை அவர் பகுதியை ஒட்டியிருந்தது. நாளுக்கு நாற்பது முறையாவது அதைக் கேட்டிருப்பேன். கேட்டதோடு சரி.

ஒருநாள், ஒடிசாவிலிருந்து செக்கிங் வேலைக்கு வந்த சுனிதா, நம் ஊரில் மாமன் மகனைக் கட்டுவார்கள் என்று அறிந்து திகைத்துப் போனாள். "மாமா பையன் அண்ணன், அக்கா! கல்யாணம் எப்படி?"

"அதையேதான் கண்ணு நானும் கேட்டேன்" என்றார் அக்கா. "கேட்டதுக்குத்தான் ஊட்ட உட்டுத் தொரத்துனாங்க."

உண்மை. கூடவே வளர்ந்த மாமன் மகனை மறுத்து, தெற்கத்திப் பக்கத்து டெய்லர் ஒருவரைக் கட்டிக்கொண்டார். மடத்துக்குளத்தில் இருந்த அண்ணன் அன்றே தலைமுழுகினார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த டெய்லர் இறந்தபோதும் அண்ணன் வரவில்லை. அக்காவும் வெள்ளை உடுத்தவில்லை. மறுமாதமே கிளிப்பச்சைச் சேலையில் வேலைக்கு வந்தார்.

அதே பகுதியில் வேலை செய்யும் பேச்சியம்மாள் தன் மகளுக்குக் காது குத்தியது பலருக்கு நினைவிருக்கும். பேச்சியம்மாளும் விரும்பிக் கட்டியவள்தான். அதனால் அவள் கூடப்பிறந்தவர்கள் தூத்துக்குடியிலிருந்து வரவில்லை. மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது என்று கூட்டம் தவித்தது. அக்கா போய் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பொம்பள எப்படீங்க மாமனாக முடியும்?" என்றார் ஒரு பெரியவர்.

"மடி வேணுமுன்னுதானுங்க சொல்லியிருக்குது. மீச வேணுமுன்னு சொல்லலீங்களே?"

பெரியவர் தம் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். காது குத்தியாயிற்று.

போன தீபாவளிக்கு முன் அக்கா என்னிடம் ஒன்று சொன்னார். "நான் செத்தா மடத்துக்குளத்துக்குச் சொல்லிப்போடாதீங்க. இந்தப் புள்ளைங்க கொண்டாற துணி போதும்." சரி என்றேன்.

இனி எழுதுவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பிறந்த வீட்டார் போர்த்தும் கோடித் துணி மேலே விழாமல் ஒரு பெண்ணின் உடலை எடுப்பது முறையல்ல என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். நான் படித்தவன், உறவு முறைகளைக் கேலி செய்து கட்டுரைகள் எழுதியவன். நாலு பேர் சொன்னதும் தொலைபேசியை எடுத்து அண்ணனை அழைத்தேன்.

மூன்று கார்களில் வந்தார்கள். உயிரோடிருந்த தங்கையைப் பார்க்க முப்பது ஆண்டுகளாக அகப்படாத வழி, பிணத்துக்கு ஒரே மூச்சில் அகப்பட்டது. அண்ணன் கொண்டு வந்தது வெள்ளைச் சேலை. பேச்சியம்மாளும் சுனிதாவும் கையில் கிளிப்பச்சைச் சேலையோடு நின்றார்கள்.

"இவங்கெல்லாம் யாருங்க? எந்த வகையில சொந்தம்?" என்றார் அண்ணன்.

"தெனமும் அக்காகூட ஒண்ணா உக்காந்து சாப்ட்டவ நான், அண்ணாச்சி" என்றாள் பேச்சியம்மாள். "நீங்க எந்த வகைல சொந்தம்?"

"ஏம்புள்ள, எழவு ஊட்டுல இதென்ன பேச்சு?" என்று அவளை அதட்டினார்கள். அண்ணனை யாரும் அதட்டவில்லை. நானும்தான். பதினோரு ஆண்டுகள் அக்கா உடுத்த மறுத்த வெள்ளையை, மறுக்க முடியாத நாளாகப் பார்த்துப் போர்த்தினார்கள். பாதி உலகத்துக்குத் துணி தைத்து அனுப்பும் ஊரில், ஒருத்திக்கு அவள் கேட்ட துணி மேலே விழவில்லை.

கிளிப்பச்சைச் சேலை பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தது. பேச்சியம்மாளிடம் கொடுக்கப் போனேன். "நீங்களே வச்சுக்கிடுங்க. போன் போட்டது நீங்கதான" என்றாள்.

மடிப்புக் கலையாமல் அது என் மேசையில் இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அவர் நாளுக்கு நாற்பது முறை சொன்ன அந்தச் சொல்லும்தான். அக்கா, ஒரே ஒரு பீஸை என் கையில் நம்பிக் கொடுத்தீர்கள். அண்ணன் என்ற லேபிளைப் பார்த்துப் பாஸ் பண்ணிவிட்டேன்.