ஓசிப் பயணம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் டவுன் பஸ். இருபது ரூபாயை நீட்டுகிறேன். கண்டக்டர் அதை வாங்காமல் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். "பரவாயில்லைங்க, காசு வாங்கிக்கோங்க" என்கிறேன். அவர் நகர்ந்துவிடுகிறார்.

அருகில் இருப்பவள் பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். என் வயதுதான்.

"என்னக்கா, ஓசில வாரதுக்கு வெக்கமா? எம்புட்டு சம்பளம்?"

சொல்கிறேன். வாயைப் பிளக்கிறாள்.

"அம்மாடி! வரி?"

"கிட்டத்தட்ட கால் பங்கு போயிடும்."

"எங்க மொதலாளி வருசா வருசம் நட்டம்னு எழுதுதாரு. காரு மட்டும் புதுசு புதுசா வருது. நீங்களாச்சும் ஒழுங்கா கட்டுதீகளா?"

இந்தப் பயணத்தில் முடிக்க எழுதிவைத்த பட்டியலில் மூன்றாவது வேலை: ராஜபாளையம் சித்தியிடம் வாடகை ரசீதில் கையெழுத்து. சித்தியின் சென்னை வீட்டில் நான் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. வரியைக் குறைக்க என் ஆபீசில் பலரும் இப்படிப் பொய் வாடகை ரசீது கொடுக்கிறார்கள்.

"இந்த வருஷம் முழுசா கட்டிடுவேன்" என்கிறேன். சொன்ன பிறகுதான் முடிவெடுத்துவிட்டது தெரிகிறது.

"அப்பம் நம்ம ரெண்டு டிக்கெட்டுக்கும் நீங்க குடுத்தாச்சு. நல்லா சாஞ்சு உக்காருங்க."

சாய்ந்து உட்கார்ந்து, பட்டியலில் மூன்றாவது வேலையை அடித்துவிடுகிறேன். சித்தியிடம் எப்படிக் கேட்பது என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு இனி வேண்டாம். அவர் வீட்டுக்குச் சாப்பிட மட்டும் போகிறேன்.