டேப்பின் அந்தப் பக்கம்

இதை எழுதலாமா வேணாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேனாவைத் திறப்பேன், மூடி வைத்துவிடுவேன். கந்தன் மேல் பாரத்தைப் போட்டு இன்றைக்கு எழுதுகிறேன்.

பதுளையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்தேன். வாகனக் காப்புறுதிக் கம்பெனிகள் பக்கம் வழக்குப் பேசுகிறவர். விபத்து நடந்த இடத்துக்குப் போய் அளந்து வருவது என் வேலை. டேப்புக்குத் திருநீறு பூசித்தான் பையில் வைப்பேன். படிப்பு எட்டாம் வகுப்புதான். ஆனால் என் அளவு தப்பாது என்று ஐயாவே சொல்வார்.

பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ரோட்டில், கொழுந்து பறிக்கப் போன பெண்ணை லொறி அடித்துவிட்டது. புருஷன் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார். வளைவு திரும்பியதும் பதினெட்டு அடியில் குறுக்கே வந்தாள், பிரேக் பிடிக்க நேரமில்லை என்றான் டிரைவர். அவன் காட்டிய இடத்துக் கல்லில் பொலிஸ் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தது. அவள் இன்னும் தள்ளி நின்றிருந்தால் பிரேக் பிடிக்க நேரம் இருந்திருக்கும், தப்பு டிரைவருடையது. வழக்கே அந்தத் தூரத்தில்தான் இருந்தது.

காலை பத்து மணிக்கும் பனிமூட்டம் விலகவில்லை. டேப் நுனியை வெள்ளைக் கல்லுக்கு அடியில் செருகிவிட்டு வளைவுக்கு நடந்தேன். சரியாகப் பதினெட்டு அடி. எழுதப் போனபோது கையிலிருந்த டேப் தானாக ஓடியது. அந்தப் பக்கம் யாரோ இழுத்துக்கொண்டு நிதானமாக நடக்கிற மாதிரி. பிறகு நின்றது.

"பிடிச்சிருக்கேன் அண்ணே, பாத்துக்கங்க." பெண் குரல்.

பார்த்தேன். அறுபத்திரண்டு அடி.

கொழுந்துக்கு வந்த யாரோ உதவுகிறார்கள் என்று நினைத்து, "இரு தங்கச்சி, வாறேன்" என்று டேப்போடு நடந்தேன். வெள்ளைக் கல்லைத் தாண்டியும் டேப் போனது. முடிவில் ஆளில்லை. நுனி ரோட்டோரப் புல்லில் கிடந்தது. பக்கத்தில் உடைந்த லொறி லைட் கண்ணாடி.

கீழே வந்து கங்காணியிடம், அந்த ரோட்டை ஒட்டிய மேல் மலையில் யார் கொழுந்து எடுப்பது என்று கேட்டேன்.

"மேல் மலையிலயா? அந்தப் புள்ள செத்ததுலருந்து பொம்பளைங்க யாரும் அங்க ஏறுறதில்ல. தொரை கத்திப் பாத்தாரு. அப்ப நீங்களே போய் பறிங்க தொரைன்னுட்டாளுங்க!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அளவையும் கண்ணாடியையும் ஐயாவிடம் கொடுத்தேன்.

"அந்தப் பக்கம் யாருப்பா பிடிச்சா?"

"ஒரு தங்கச்சி, ஐயா."

"பேரு?"

"தெரியாது."

"கோர்ட்ல தங்கச்சின்னு கூப்பிட்டா பாதி பதுளை எந்திரிச்சு நிக்கும்." கண்ணாடியை என் பக்கம் தள்ளினார். "இது எந்த வண்டியிலயும் உடையும். பதினெட்டுன்னே எழுது."

எழுதினேன். ஐயாவைக் குறை சொல்லவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. கூண்டில் ஏறி அதையே சொன்னேன். புருஷன் தோற்றார். கோர்ட்டுப் படியில் என்னைக் கண்டு, "நீங்களாச்சும் நேர்ல வந்து அளந்தீங்களே, சாமி" என்று கும்பிட்டார்.

இப்போது வீட்டில் ஜன்னல் திரைக்கு அளந்தாலும், யாரும் பிடிக்காமலே அந்தப் பக்கம் இறுகுகிறது. கண்ணாடி சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அந்தப் புருஷனைத் தேடிப் போனேன். தோட்டத்தை விட்டுப் போய்விட்டாராம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், அவர் காதுக்குப் போய்ச் சேரட்டும். எனக்காக இரக்கப்பட்டு எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அறுபத்திரண்டு அடி. ஒரு அடிகூட மாற்றாதீர்கள்.