புருவத்துத் தழும்பு

என் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் வாசற்படியில் விழுந்தேன் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் செங்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி நேராக வந்து அந்தத் தழும்பைத் தடவினார்.

"என் வளையல் உடைஞ்சு கீறினது. இன்னும் மறையலையே."

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். "யாருங்க நீங்க?" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பொண்ணுக்கும் இப்ப இருபது வயசு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

வீட்டில் சொன்னதும் அம்மாவின் முகம் வெளிறியது.

"நாலு வயசுல நீ குளத்துல விழுந்துட்டே. அவங்க பொண்ணும் கூடவே விழுந்துச்சு. அவங்கதான் குதிச்சாங்க. கலங்கின தண்ணியில தன் பொண்ணுன்னு நெனச்சு உன்னைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. மறுபடி எறங்குறதுக்குள்ள அந்தக் கொழந்தை போயிடுச்சு. கரையில உன் மூஞ்சைப் பார்த்தப்ப அவங்க கத்தின கத்தல்..."

ஒரு வாரம் அதே நேரத்துக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் வரவேண்டும் என்றிருந்தது. வந்துவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. அவர் வரவில்லை.