கறவை பார்த்து விலை போட்டது

கோர்ட்டில் ஜப்தி செய்த மாட்டுக்கு ஏலத்துக்கு முன்னால் விலை போட வேண்டும். எங்கள் பக்கம் அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் மாட்டுத் தரகில் நான் சொன்ன விலையை இதுவரை யாரும் திருத்தியதில்லை.

கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே ஆறுமுகம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தீவனக்கடைக்காரருக்கு அவர் பாக்கி. தொழுவத்தில் இரண்டு மாடு. சிவப்பு மாட்டின் விலை கடனுக்கு ஈடானால் கறுப்பு மாடு தங்கும். இல்லையென்றால் இரண்டும் போகும்.

பால் பார்க்காமல் கறவைக்கு விலை சொல்லக் கூடாது. ஆறுமுகம் சிவப்பு மாட்டுக்கடியில் சொம்போடு உட்கார்ந்தார். மாடு விட்ட உதையில் சொம்பு, ஜப்திக்கு வந்திருந்த கோர்ட் அமீனாவின் காலடிக்கு உருண்டது.

"வறட்டு மாடுங்க. அடிமாட்டு வெல போடுங்க" என்றார் கடைக்காரர்.

"அக்கா, இது எங்கூட்டுக்காரி கைக்குத்தான் சொரக்கும். அவ ஆசுபத்திரிக்குப் போயிருக்கறாளுங்க" என்றார் ஆறுமுகம்.

அமீனா கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொடியில கெடக்கற அவ நைட்டியப் போட்டுட்டு உக்காரப்பா" என்றேன்.

"சாரு முன்னாலயாங்க?"

"அப்ப ரெண்டு மாட்டையும் ஓட்டி உட்ருவியா?"

மஞ்சள் பூப்போட்ட நைட்டியும் மீசையுமாக வந்து உட்கார்ந்தார். மாடு மோந்து பார்த்து நின்றது. பால் மட்டும் இறங்கவில்லை.

"கறக்கறப்ப அவ என்ன பண்ணுவா?"

"பேசுவாளுங்க."

"என்னன்னு?"

"என்னையத் திட்டுவாளுங்க."

"திட்டு."

அவர் குரலை மெலிதாக்கிக்கொண்டு தொடங்கினார். "இந்த மனுசனுக்குத் துண்டத் தொவைக்கத் துப்பில்ல. சீட்டாடக் கூப்புட்டா மட்டும் செருப்பில்லாம ஓடறது!"

மாட்டின் காது தொங்கியது. சர்ரென்று பால் இறங்கியது. வெட்கப்பட்டு வாயை மூடினால் மாடு காலைத் தூக்கியது.

"நிறுத்தாதே ஆறுமுகா, இன்னும் திட்டு!" என்றார் அமீனா, தன்னை மறந்து.

சொம்பு நிரம்பி, வாளியும் நுரை தட்டியது. கடைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "வேசம் போட்டுக் கறந்தது செல்லாதுங்க."

"வேசம் அவன் போட்டதுங்க. பால் மாடு குடுத்தது" என்றேன்.

நான் சொன்ன விலை கடனுக்கு ஈடானது. அமீனா எழுதிக்கொண்டு, கறுப்பு மாட்டை விட்டுவிடச் சொன்னார்.

அப்போதுதான் வீட்டுக்காரி வந்தாள். புருசனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு எம்பட நல்ல நைட்டிதான் கெடச்சுதா?"

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாட்டைத் தொடும் முன்பு கறக்கிறவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், கொடியில் என்ன காய்கிறது என்று பாருங்கள்.